பார்ட்லி தமிழ்

"தமிழ் பேசுவியா?" என்று யார் கேட்டாலும் என் மகள் "பார்ட்லி" என்பாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'ஓரளவுக்குப் பேசுவேன்' என்று தமிழில் சொன்னால் வாய் வலிக்குமா?

போன மாதம் அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன். மயக்கம் தெளியும்போது ஏதோ முனகினாள். நர்ஸ் மராத்தியில் கேட்டார், இந்தியில் கேட்டார். ஒன்றும் புரியாமல் என்னைக் கூப்பிட்டார்.

குனிந்து காதைக் கொடுத்தேன்.

"குளிருதும்மா. போத்தி விடு. இங்கேயே இரு."

"என்ன சொல்கிறாள்?" என்றார் நர்ஸ். போர்வையை இழுத்துவிட்டேன்.

இப்போதும் யாராவது கேட்டால் "பார்ட்லி" என்றுதான் சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அது எந்தப் பகுதி என்று எனக்குத் தெரியும்.