மிளகுக் கட்சி, காரக் கட்சி

சிப்ஸ் கடைக்குப் பசியோடு யாரும் வருவதில்லை, அதனால்தான் வருகிற எல்லோரிடமும் ஒரு குறை இருக்கிறது. பசித்தவன் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். வாய் சும்மா இருக்கிறதே என்று வருகிறவர்தான் உப்பு தூக்கல், உப்பு மட்டு, நேற்று நன்றாக இருந்தது, இன்று கை மாறிவிட்டதா என்று ஏதாவது சொல்லாமல் நகரமாட்டார். வாங்கிப்போன பொட்டலத்தைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு.

மந்தைவெளியில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் வாசலில் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்பார். நான் உள்ளே, தராசுக்குப் பக்கத்தில். பொரிப்பது அவர் வேலை, திட்டு வாங்குவது என் வேலை. மளிகையோ, ஜவுளியோ, மருந்தோ, எதை விற்றாலும் சரி, நாள் முழுக்கக் கடையில் நின்று கால் வீங்கியவர்களே, உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் நம்மைக் கல் மனசுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கை நீட்டினால்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே யாராவது உள்ளங்கையை நீட்டினால் அதில் ஒன்றிரண்டு சிப்ஸை வைத்துவிட வேண்டும். வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. நாமும் ஏன் என்று கேட்கக்கூடாது. சாம்பிள் என்று பெயர். ஆகாதவன் நீட்டினாலும் வைத்துத்தான் ஆகவேண்டும். இல்லையென்றால் இந்தக் கடையில் எண்ணெய் பழசு என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேசுவார்கள்.

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு மாமி இங்கே தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் கடைக்கும் வருவார். உருளைக்கிழங்கில் உப்பு, மிளகு, காரம் மூன்றுக்கும் கை நீட்டுவார். பிறகு நேந்திரம், பிறகு குச்சிக்கிழங்கு. ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மென்று, தங்கையிடம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவார். தங்கைக்கு நேந்திரம் பிடிக்கும், இவருக்கு அது ஆகாது. இரண்டு பேரும் நடைபாதையில் நின்று அதையே பேசி முடிப்பதற்குள் நான் நான்கு பேருக்கு நிறுத்துக் கொடுத்துவிடுவேன். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொல்வார்: "எதுவும் மனசுக்குப் பிடிக்கலடிம்மா. அடுத்த வாரம் வந்து இன்னொரு தடவ நன்னாப் பாத்துட்டுச் சொல்றேன்."

இரண்டு கட்சிகள்

எங்கள் கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதற்கு இரண்டு நிரந்தர உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒருவர் நடராஜன் சார், இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளி மகளோடு இருந்தார். இன்னொருவர் ஜோசப், சாந்தோம்காரர், ஸ்கூட்டர் மெக்கானிக்காக இருந்தவர். நடராஜன் சாரின் ஓட்டை ஸ்கூட்டரைப் பழுது பார்த்துப் பார்த்தே சிநேகமானவர்கள். ஸ்கூட்டர் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது, சிநேகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தினமும் சாயங்காலம் வாக்கிங் முடித்து வருவார்கள். நடராஜன் சாருக்கு மிளகு சிப்ஸ், ஜோசப்புக்கு மிளகாய்த்தூள் போட்ட கார சிப்ஸ். ஒருவர் பொட்டலத்தில் இன்னொருவர் கைவைக்கமாட்டார். சண்டை மட்டும் பொது. மிளகாய் என்பது வெறும் சத்தம், மிளகின் காரம்தான் நிதானமாக வந்து தொண்டையில் உட்காரும் என்பது நடராஜன் சார் கட்சி. நாக்கில் வைத்தவுடனே தெரியாததெல்லாம் காரமா என்பது ஜோசப் கட்சி. தீர்ப்புக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் சிப்ஸை வாயில் வைத்தே பல வருஷம் ஆகிறது, அந்த வாசனையிலேயே குளித்து எழுகிறவருக்கு அது எப்படி இறங்கும்? அவர் பேசாமல் கிழங்கு சீவுவார். ஒருநாள் நடராஜன் சார் மிளகின் பெருமையை விடாமல் சொல்லிக்கொண்டே போக, ஜோசப் காலிப் பொட்டலத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்தார்: "உன் மிளகு காரம் வர்றதுக்குள்ள ஆளே பூட்டுருவான் நைனா, அவ்ளோ லேட்டு."

டீச்சர் வந்தார்

நடராஜன் சாரின் மகள் கௌரி அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கொஞ்ச நாளாக நடராஜன் சாரையும் காணவில்லை, ஜோசப்பையும் காணவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு ஸ்கூட்டியைக் கடை வாசலில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். உப்பு ஆகாது. உருளைக்கிழங்கு அதைவிட ஆகாது, அதில் உள்ள பொட்டாசியம் நெஞ்சையே நிறுத்திவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாளையிலிருந்து மறுபடி நடக்க வருவார், வந்தால் கை நீட்டுவார், ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள் என்று சொன்னார்.

சரி என்றேன். அது அவருக்குப் போதவில்லை. கடைக்காரி சரி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சாம்பிள்தானே, ஒன்றுதானே என்று நீங்கள் வைத்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும் என்றார். அம்மா போன பிறகு இவருக்கு நானும் எனக்கு இவரும்தான் என்றார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கடை வாசலில் நின்று ஒருவர் இப்படிப் பேசினால் உங்களுக்கும் வந்திருக்கும். கிளம்பும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னார்: "நீங்க வியாபாரம் பண்ணுங்க. எங்க அப்பா உசுர வெச்சுப் பண்ணாதீங்க."

கண்ணாடிப் பெட்டிக்கு மேலே

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். நடராஜன் சார் பாதியாகிவிட்டிருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது, முகம் வெளிறி வீங்கியிருந்தது. அப்போதுதான் ஒரு ஈடு இறக்கி மிளகுத்தூள் தூவியிருந்தோம். வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார். முன்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் நீட்டிய கையை வெறுமனே பார்த்தது அன்றைக்குத்தான். "இல்ல சார்" என்றேன். கேட்காதவர் போல அப்படியே நின்றார். இந்த மனிதருக்கு ஒன்று கொடுத்தால் என்ன என்று தோன்றியது, கௌரியின் முகமும் தோன்றியது. பிறகு அவரே கையை மடக்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "கௌரி வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டார். ஜோசப் தன் பொட்டலத்தை வாங்காமலே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

இனி வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் வந்தார்கள். இரண்டு பேரும் எதையும் வாங்காமல், எதையும் தின்னாமல், அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே சண்டையைப் போட்டார்கள். தாம்பாளத்தில் குலுக்கும்போது மூக்கில் முதலில் ஏறுவது மிளகா மிளகாயா என்று ஒருநாள் முழுக்க வாதம். நடராஜன் சார் மூச்சு வாங்க வாங்க மிளகுதான் என்று சாதித்தார். ஜோசப் விடவில்லை: "இன்னாத்த மிளகு? மூக்குக்கு வர்றதுக்கே அது பஸ்ஸு புடிக்கணும்."

வேகவைத்த சிப்ஸ்

இந்த யோசனை ஜோசப்புடையது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் அம்மா, கிழங்கை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் பெருமளவு போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். ஜோசப் அதைக் கேட்டுக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். வெந்த கிழங்கில் சிப்ஸ் போட முடியாது, சட்டியில் கரைந்துவிடும் என்றார் என் வீட்டுக்காரர். ஜோசப் போகமாட்டேன் என்று நின்றார். முதலில் கௌரி சம்மதிக்கட்டும் என்றேன் நான். கௌரி டாக்டரிடம் கேட்டார். உப்பில்லாமல், ஒரே ஒரு தடவை, இரண்டே இரண்டு வில்லை என்று உத்தரவு கிடைத்தது.

சீவி, அரைவேக்காடாக எடுத்து, வேட்டித் துணியில் பரப்பி உலர்த்தி, என் வீட்டுக்காரர் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதைச் சட்டியில் விட்டார். பாதி உடைந்தது. மீதி எண்ணெயைக் குடித்துத் துவண்டு கிடந்தது. மொறுமொறுப்பு மருந்துக்கும் இல்லை. நல்லதாக இரண்டு பொறுக்கி, மிளகுத்தூள் மட்டும் தூவி, நீட்டிய கையில் நானே வைத்தேன். கௌரி, ஜோசப், சட்டியை விட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர், வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். நடராஜன் சார் நிதானமாக மென்றார். விழுங்கினார். இரண்டாவதை என் கையிலேயே திருப்பி வைத்தார். கௌரி சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், ஏனென்றால் அவர் அப்பா சொன்னது இது: "இதுக்கு அந்த ஊசியே பரவால்லம்மா."

பெஞ்சில் ஒருவர்

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது, பெஞ்சு காலியாகக் கிடந்தது. நடராஜன் சாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரியும். போய்ப் பார்க்கவேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் தினமும் சொல்லிக்கொள்வோம். கடையை யார் பார்ப்பது என்று தினமும் நின்றுபோகும். கடைக்காரர்களுக்கு இது புதிதா என்ன, நாம் கல்யாணத்துக்கும் போவதில்லை, சாவுக்கும் போவதில்லை.

ஒருநாள் ஜோசப் தனியாக வந்து ஈரப் பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டால் துடைக்கக்கூட இல்லை. நான் என்ன என்று கேட்காமல் சூடாக இரண்டு கார சிப்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கை நீட்டாதவருக்குச் சாம்பிள் கொண்டுபோனதும் அதுதான் முதல் தடவை. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை. நடராஜன் சார் விடிகாலையில் போய்விட்டார், இப்போதுதான் கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டிலிருந்து வருகிறேன் என்றார். நான் அங்கேயே நின்று அழுதேன். வரிசையில் நின்ற ஒருவர் சீக்கிரம் கொடுங்கள் என்று குரல் கொடுத்தார். ஜோசப் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நெதானமா வரும், நெதானமா வரும்னு சொல்லிக்கினே இருந்தான். அவன் மட்டும் அவசரமா பூட்டான்."

படையல்

காரியத்துக்கு முந்தின நாள் கௌரி வந்தார். கூட ஜோசப். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கவேண்டும் அல்லவா, அதற்காக மிளகு சிப்ஸ் வேண்டும், புதிதாகப் போட்டது வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் சட்டியில் நல்ல எண்ணெயாக மாற்றினார். கிழங்கில் ஒரு புள்ளிகூட இல்லாததாகப் பார்த்துச் சீவினார். பொரித்துத் தாம்பாளத்தில் கொட்டியதும் பழக்கதோஷத்தில் நான் ஒன்றை எடுத்துக் கௌரியிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, படையலுக்கு எடுத்ததை அப்பாவுக்கு முன்னால் யாரும் வாயில் வைக்கக்கூடாது என்றார். அதுவும் சரிதான். ருசி பார்க்காமல் எங்கள் கடையிலிருந்து ஒரு பொட்டலம் போவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் மிளகுத்தூளைத் தூவிவிட்டு உப்பு டப்பாவை எடுத்தார். கௌரி பதறி, "ஐயோ, உப்பு வேணாங்க, அப்பாவுக்கு ஆகாது" என்றார்.

டப்பா அந்தரத்தில் நின்றது. சட்டியில் எண்ணெய் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தான் சொன்னது என்ன என்று கௌரிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க, நல்லாவே போடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் கை நிறைய அள்ளிப் போட்டுக் குலுக்கினார். நான் பொட்டலம் கட்டி நீட்டும்போது ஜோசப் குறுக்கே கை வைத்தார்: "கார சிப்ஸும் கொஞ்சம் கட்டிக் குடும்மா. சண்டைக்கு ஆளில்லாம அவன் தனியா துன்ன மாட்டான்."

உப்பு அப்படிக் கரிக்கும்படி போட்டுக் கொடுத்த அந்த ஒரு பொட்டலத்தைத்தான், இந்தத் தொழிலில் நாங்கள் விற்றதிலேயே, இதுவரை யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.