சர்க்கார் காகிதத்தில் என் தாய்மொழி

தாத்தாவுக்கு ஐந்து மொழிகள் தெரியும். ஐந்திலும் கோபப்படத் தெரியாது. பால்காரரிடம் தெலுங்கு, ஜட்காக்காரரிடம் உருது, மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் கன்னடம், வீட்டில் தமிழ். ஆங்கிலத்தை மட்டும் பென்ஷன் வாங்கப் போகும் நாளுக்கென்று சரிகைத் தலைப்பாகையோடு சேர்த்து எடுத்து வைத்திருந்தார்.

மைசூர் சமஸ்தானத்தில் ரெவின்யூ குமாஸ்தாவாக இருந்தவர். சர்க்கார் காகிதத்தில் பொய் எழுதினால் எழுதிய கை விளங்காது என்பது அவர் கட்சி. ஊரெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வயதை இரண்டு குறைத்து எழுதியபோது இவர் என் அப்பாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாராம். அதனால் அப்பா இரண்டு வருஷம் முன்னாலேயே ரிடையராக வேண்டும் என்று அம்மா அவ்வப்போது நொந்துகொள்வாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது மக்கள்தொகைக் கணக்கெடுக்க வரப்போகிறார்கள் என்று தெரிந்தது. அப்பா தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

“தாய்மொழி கேட்டா எல்லாருக்கும் கன்னடம்னே சொல்லிடுங்கப்பா. எனக்கு பிரமோஷன் வர்ற நேரம்.”

அந்தத் தாளை மேலதிகாரி உட்கார்ந்து படிக்கப்போகிறார் என்று அப்பாவுக்கு யார் சொன்னார்களோ. தாத்தா சிரித்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தாள்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். தாத்தா தனக்குத் தமிழ் என்றார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழ் என்றார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். என் முறை வந்தபோது தாத்தா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, கன்னடம் என்றார். வாத்தியார் எழுதிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

எனக்குத் தலை சுற்றியது. தாத்தா சர்க்காரிடம் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. இந்த வீட்டுப் பிள்ளைதான் என்றால் தாத்தா பொய் சொல்லிவிட்டார், அவர் கை என்ன ஆகும்? எழுதிய கை வாத்தியாருடையது என்பதில் கொஞ்சம் ஆறுதல். இரண்டில் எது தேவலை என்று தெரியாமல் மத்தியானம் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தேன்.

“என்ன புட்டி, சோறு வேணாமாம்?”

சின்னப் பெண்ணைக் கன்னடக்காரர்கள் கூப்பிடுவதுபோல் தாத்தா என்னை எப்போதும் புட்டி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு மட்டும் ஏன் கன்னடம் என்று அழுதுகொண்டே கேட்டுவிட்டேன்.

“நீ தூக்கத்துல கன்னடத்துலதான் பேசுற. பக்கத்துல படுத்து நான் கேக்குறேன் இல்ல? தூக்கத்துல வர்றதுதான் தாய்மொழி. உள்ளதைத்தான் சொன்னேன்.”

“அப்ப நீங்க?”

“எங்கம்மா வேலூர்லேர்ந்து வந்து நாப்பது வருஷம் இந்த ஊர்ல இருந்தாங்க. ஒரு வார்த்தை கன்னடம் கத்துக்கல. அவங்க பிள்ளை வேற என்ன சொல்லுவான்?”

என் அம்மாவும் தமிழ்தானே பேசுகிறாள்? ஒன்றும் தெளியவில்லை. பசித்ததால் எழுந்து சாப்பிட்டேன். ஆனாலும் அடுத்து வந்த நாட்களில் தாத்தாவின் வலது கையை அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மழைக்காலத்தில் தாத்தா காய்ச்சலில் விழுந்தார். ஒரு பிற்பகலில் அம்மா என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனாள். தாத்தா கண்ணைத் திறக்காமலே பேச ஆரம்பித்தார்.

“அம்மா, பாகிலு தெகி. பாகிலு தெகியம்மா.”

கதவைத் திற என்று கன்னடத்தில் கெஞ்சினார். என்னை ஒருநாளும் அவர் அம்மா என்று கூப்பிட்டதில்லை. அவருடைய அம்மாவுக்கோ ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது. அவளுக்கு எப்படிப் புரியும்? குனிந்து, தமிழில் கூப்பிடுங்கள் தாத்தா என்று காதில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஓடிப்போய் அறைக்கதவு, கூடத்துக் கதவு, வாசற்கதவு எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்தேன்.

ஈரக்காற்று உள்ளே அடித்தது. அம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கதவுகளைச் சாத்தினாள். இரண்டு நாளில் தாத்தா போய்விட்டார்.

ஏன் திறந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நினைவில்லாதபோது தாத்தாவுக்கு வந்தது கன்னடம் என்று சொன்னால், அவர் சர்க்கார் காகிதத்தில் தன்னைப் பற்றிப் பொய் சொன்னது வெளியே தெரிந்துவிடும். தன் அம்மாவின் மொழியைச் சொன்னது பொய் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.