திருவிருந்துக்கு முன் எழுந்து போனவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து. கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டவை இரண்டு பைக்குகள். அவற்றின் மேல் மூன்று பேர். ஒருவன் மடியில் செய்தித்தாளில் சுற்றிய இரும்புக் குழாய். ஷூ கம்பெனியில், கட்டிங் செக்‌ஷனில், என் அண்ணனின் கீழ் வேலை செய்கிறவர்கள்.

முந்தின நாள் சாயங்காலம் எங்கள் தெரு வெல்டிங் பட்டறைக்காரர் ஆம்பூர் கடைத்தெருவில் வைத்து அண்ணனை அறைந்திருந்தார். அண்ணன் பட்டறை வாசலை மறித்து வண்டியை விட்டிருந்ததால் வந்த சண்டை. ஷிஃப்ட் முடிந்து வந்த பாதிக் கம்பெனி அதைப் பார்த்தது.

“ம்னு சொல்லுண்ணே. கைய ஒடச்சிட்டு வர்றோம்.”

“இன்னிக்குத் திருவிருந்து. சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து பேசலாம்.”

“அதுக்குள்ள அவன் குடியாத்தம் போய்டுவான், மாமியார் ஊட்டுக்கு.”

“போனா போறான்.”

“அறை வாங்கினது நீயா, நாங்களா?”

அண்ணன் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அடித்தால் போலீஸ், வேலையும் போகும். அடிக்காவிட்டால் நாளை முதல் இவர்களே அவரை மதிக்கமாட்டார்கள்.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் முன், யாரோடாவது பகை இருந்தால் போய்ச் சமாதானமாகிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறோம் என்று ஆயர் சொல்வார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவார். அவ்வளவுதான் காத்திருப்பு. அதுவரை யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. அன்று அண்ணன் எழுந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். சர்ச் கேட்டுக்கு வெளியே காத்திருந்த அந்த மூவரும் பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள்.

“நீங்க வராதீங்க” என்றார் அண்ணன்.

பட்டறை சர்ச்சிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி. அதன் சொந்தக்காரரும் எங்கள் சபைதான். அன்று ஆராதனைக்கு வரவில்லை. லுங்கியோடு, சுத்தியலை இறுகப் பிடித்து நின்றார்.

“இன்னா, அடிக்க வந்தியா?”

“கூப்பிட வந்தேன். வண்டிய அங்க விட்டது என் தப்பு. நீ அறைஞ்சது உன் தப்பு. வா, போலாம்.”

“லுங்கில இருக்கேன்யா.”

“பேண்ட்டு போட்டுக்க. ஆயர் நிக்கறாரு.”

“எனக்காகவா?”

“பின்ன? பாட்டுக்காரங்க அதே பாட்ட மூணாவது தபா பாடறாங்க, கேக்கலியா?”

கேட்டது. பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“எல்லார் முன்னாலயும் அறைஞ்சிட்டேனே.”

“எல்லார் முன்னாலயும் வா.”

பேண்ட் மாட்டி, சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். சர்ச் கேட்டில், குழாய் வைத்திருந்தவன் இருவரையும் மேலும் கீழும் பார்த்தான்.

“பேஜாருண்ணே நீ” என்றான். “சரி, டீ சாப்ட்டுட்டு வர்றோம்.”

ஆயர் அதற்குள் கண்ணாடியைப் பலமுறை துடைத்திருக்க வேண்டும். இருவரும் உள்ளே நுழைந்ததும் பாட்டு பாதி வரியில் நின்றது. அருகருகே முழங்காலிட்டார்கள்.

அன்று ஆராதனை அரை மணி நேரம் தாமதமாக முடிந்தது.