இளக்கிச் சுற்றிய குழாய்

போர்மேன் அண்ணாச்சி குழாய் சோதிப்பதைப் பார்த்தால் சந்தையில் வெண்டைக்காய் வாங்க வந்தவர் மாதிரி இருக்கும். கூடைக்குள் கையை விட்டு ஒன்றை உருவுவார். காதோரம் வைத்துப் பெருவிரலால் ஒரு அமுக்கு. கல்லுப் போல நின்றால் திரும்பக் கூடைக்குள் போடுவார். கொஞ்சம் நெளிந்தாலும் முற்றத்தில் எறிவார். “இது வாணத்துக்கு ஆகாது தங்கச்சி. வெத்தலயச் சுருட்டுன மாதிரி சுருட்டிக் கொண்டாந்திருக்க. மருந்து மேல போகாமப் பக்கவாட்டுல பிச்சிக்கிட்டு வந்துச்சுன்னா, அங்கன நிக்கிறவன் கதி என்னாகும்?” என்பார். அதட்ட மாட்டார். ஆனாலும் அந்தக் குரலுக்கு முன்னால் ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. நான் அதிலும் வாயில்லாதவள். எறிந்த குழாய்களைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வெந்நீர் அடுப்புக்கு நன்றாக எரியும்.

தாயில்பட்டியில் அப்போது பாதிப் பெண்களுக்கு இதுதான் வேலை. ஆகாயத்தில் போய்ப் பூவாக விரிகிற வாணத்துக்குத் தடிமனான காகிதக் குழாய் வேண்டும். பட்டாசுக் கம்பெனியிலிருந்து காகிதம் வரும். வீட்டில் வைத்து இரும்புக் கம்பியில் சுற்றி, பசை தடவி, பலகையால் அழுத்தி உருட்டிக் கொடுப்போம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்போம். சோறு பிசையும்போதும் விரலிடுக்கில் நீலம் தெரியும். ஒரு தீபாவளி சீசனில் லாரி வாசலில் நிற்க, சோதிக்காமல் ஏற்றச் சொல்லி முதலாளியே வந்து நின்றார். “லாரி நிக்கட்டும் மொதலாளி. நான் பாக்காத குழாய் இந்தக் கேட்டத் தாண்டாது” என்று அண்ணாச்சி சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். லாரி நின்றது. அவர் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்த பிறகுதான் போனது. இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு வெடிமருந்தில் சேர்க்கிற பச்சை உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை, வழக்கு, ஆய்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எங்கள் கம்பெனி பூட்டிக்கொண்டது. பாதி குழாய் குடோனிலேயே தங்கிவிட்டது, சாவி அண்ணாச்சியிடம் இருந்தது. அண்ணாச்சியும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஐப்பசி மழையில் ஒருநாள் அடுப்புக்குப் போட்டுவைத்து மண் அடைந்துபோன குழாய் ஒன்றில் தக்காளிச் செடி நிற்பதைப் பார்த்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீரோடு விதை போய் விழுந்திருக்கும். இழுத்துப் பார்த்தால், குழாயின் பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வேர் நீட்டிக்கொண்டிருந்தது. இறுக்கமில்லை என்று அண்ணாச்சி எறிந்த குழாய் அது. பல நாள் மழையில் நனைந்து அதன் நீலமும் போயிருந்தது. நாற்றைப் பிடுங்கி நடும்போது வேர் அறுந்து பாதி செடி வாடிவிடும். குழாயிலேயே வளர்த்துக் குழாயோடு நட்டால் வேருக்குத் தெரியாதே என்று தோன்றியது. தோன்றியதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

தனியாகவே செய்து பார்த்தேன். மயில்துத்தம் போட்ட புதுக் குழாயில் வேர் கருகியது. போடாத குழாயைக் கரையான் தின்றது. புளியங்கொட்டைப் பசையில் வேப்பிலை அவித்த தண்ணீரைச் சேர்த்து, கடைசிச் சுற்றில் மட்டும் தடவியபோதுதான் நின்றது. அதைவிடப் பெரிய தொல்லை என் கைதான். பிள்ளைப் பருவத்திலிருந்து இறுக்கியே பழகிய கை, இளக்கிச் சுற்று என்றால் கேட்கவில்லை. கடைசியில் காகிதத்தோடு பழைய சேலைக் கிழிசல் ஒன்றையும் சேர்த்துச் சுற்றி, முடிந்ததும் கிழிசலை உருவினேன். உருவிய இடம் வேர் நுழையத் தோதாக இளக்கமாக நின்றது.

அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெருவிரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். “ஏம் தங்கச்சி, ஆயுசு பூரா நான் கழிச்சுப் போட்டதையா இப்ப விக்கப் போற?” என்றார். அப்புறம் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். “நீ சுத்து. நாலு பேருட்டப் பேசுறத நான் பாத்துக்கிடுதேன்” என்றார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். கூடச் சுற்றிய பெண்களைக் கூப்பிட்டேன். ஒவ்வொருத்தியும் ஒரு பழைய சேலையோடு வந்தாள்.

முதலில் கொடுத்தது என் பிறந்த ஊரில், ஆனைக்குட்டத்தில் இருக்கிற என் தம்பிக்கு. கிணற்றுத் தண்ணீரில் மிளகாய் போடுகிறவன். “வெடிக்காரி குழாய்ல நட்டா மொளகா வெடிக்குமாக்கா?” என்று கேட்டுத் தம்பி பெஞ்சாதியைச் சிரிக்கவைத்தான். அந்த வருடம் அவன் பிஞ்சையில் ஒரு நாற்றும் வாடவில்லை. அடுத்த வருடம் பக்கத்துப் பிஞ்சைக்காரர்களும் கேட்டார்கள். அண்ணாச்சி பழைய சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். ‘போர்மேன் குழாய்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. என் பெயரை யாராவது சத்தமாகச் சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மூன்றாவது சீசனில் ஆனைக்குட்டத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. தம்பிதான் வீடு வீடாகப் போய், எங்கக்கா சுத்துனது, நம்பி வாங்குங்க என்று சொல்லியிருந்தான். எங்கள் கை ஓட்டத்துக்கு அவ்வளவும் முடியாது, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். “பருவம் பொறுக்குமா? மிச்சத்துக்கு வேற ஊர்ல ஆளு வச்சிச் சுத்திக்கிடுதேன்” என்றார். லோடு போயிற்று.

நட்ட நாற்று எழும்பவே இல்லை. ஒருநாள் காலையில் தம்பி ஒரு குழாயைப் பிடுங்கிக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். மண்ணுக்குள் கிடந்தும் அது எலும்பு போல இருந்தது. அரிவாளால் பிளந்தான். உள்ளே நீலம் பாய்ந்து, வேர் வெளியே வர வழியில்லாமல் சுருண்டு கருகியிருந்தது. அது வாணத்துக் குழாய். பார்த்ததும் தெரிந்தது.

அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். “லோடு ஏத்துன பயக குடோன்ல மாத்தி ஏத்திட்டானுக தங்கச்சி. எனக்கே இப்பத்தான் தெரியும்” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்து நான் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பி நம்பவில்லை. “பெருவெரலால அமுக்குனாலே தெரிஞ்சுக்கிடுற ஆளு. அவருக்குத் தெரியாம ஒரு லோடே வருமாக்கா?” என்றான். என் வாழ்நாளில் ஒருவருக்காகச் சத்தம் போட்டுப் பேசியது அன்றைக்கு மட்டும்தான். “லாரியவே நிறுத்துன மனுசன்டா அவரு. நாக்கு அழுகிப் போகும், அப்படிச் சொல்லாத” என்றேன். தம்பி அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். வாங்கியவர்களுக்கு ஒரு வருடத்து வெள்ளாமை போயிற்று. அவர்களுக்கு நடுவில் அவன் வாழ வேண்டும். அதற்கப்புறம் அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் வந்தது. போனேன். அத்தை செய்ய வேண்டிய முறையைத் தம்பி பெஞ்சாதியின் சித்தி மகள் செய்தாள். நான் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். குழாய் வேலையும் அதோடு நின்றது. வீட்டுத் தேவைக்கும் கேட்கிற ஒன்றிரண்டு பேருக்கும் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆடியில் அண்ணாச்சி வந்தார். மெலிந்துவிட்டார், கையில் கம்பு. “இருக்கீகளா அண்ணாச்சி, சாப்பிட்டீகளா” என்று கேட்டு மோர் கொடுத்தேன். மகன் மாடி வீடு கட்டியிருக்கிறானாம், மாடியில் செடி வைக்கப் போகிறாராம். “எனக்குக் கொஞ்சம் குழாய் குடு தங்கச்சி. ஒன் கையால சுத்துனதாப் பாத்துக் குடு” என்றார். எதற்கு அண்ணாச்சி, கடையில் பிளாஸ்டிக் தட்டு விற்கிறதே என்றேன். “அதெல்லாம் வேருக்கு ஆகாது. ஆனக்குட்டத்துக்கு அனுப்புன மாதிரி நீலக் குழாயில வச்சிட்டு நம்ம வீட்டுச் செடியும் போயிறக் கூடாதுல்ல” என்று சிரித்தார். “அப்ப குடோன்ல வாணக் குழாய் அம்புட்டும் சும்மா கெடந்துச்சு, அதத்தான் ஏத்தச் சொன்னேன். நட்டவன் என்னத்தக் கண்டான், ரெண்டு செடி பொழைச்சா போதும்னு கெடப்பான்னு நெனச்சேன். எல்லாம் போகும்னு நெனைக்கல.”

அவர் எதையும் மறைத்துச் சொல்லவில்லை. நானும் அதைத் தெரிந்துகொண்டுதான் இருந்திருப்பேன் என்று நினைத்து, பழைய கூட்டாளியிடம் பேசுவது போலப் பேசினார். எனக்காகத்தான் தம்பி வீடு வீடாகப் போனான். இவருக்காகத்தான் நான் அவனை அப்படிப் பேசினேன்.

சுற்றி முடித்த குழாய்கள் சுவரோரம் சாக்கில் கிடந்தன. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “இருக்கு அண்ணாச்சி. ஒங்களுக்கு இல்ல” என்றேன். கேட்கவில்லையோ என்னவோ, என்ன என்ன என்றார். இன்னொரு தரம் சொன்னேன். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கம்பை ஊன்றி எழுந்து போனார்.

மறுநாள் ஆனைக்குட்டம் போனேன். தம்பி வரப்பில் உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டினான். “எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. அவரு ஏமாத்துனத ஊருக்குச் சொல்லிக்கிடலாம். நீ அவரு பக்கம் நின்னத யாருட்டச் சொல்ல?” என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பட்டது.

வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடச் சொன்னான். தம்பி பெஞ்சாதி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். வாசலில் டவுனிலிருந்து வாங்கிய பிளாஸ்டிக் தட்டுகளில் மிளகாய் நாற்று நடத் தயாராக நின்றது. தட்டிலிருந்து பிடுங்கி நடும்போது வேர் அறுந்து கொஞ்சமாவது வாடும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். குழாய் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.