நான் கலைத்த தாய்மார் கூட்டம்

நான் செய்த தவறை நேராகவே சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பிள்ளை பெற்று, மனம் நொந்திருந்த ஐந்து பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு என்னை நானே தலைவராக நியமித்துக்கொண்டேன். அந்த ஐவரில் ஒருத்தி என் மருமகள்.

கூட்டுறவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்தே முப்பது வருடம் போயிற்று. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டால் யார் தலைமை, யார் முன்மொழிவது என்று யோசிக்கும் புத்தி இன்னும் போகவில்லை.

மருமகள் தாய்வீட்டில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் எங்கள் ஊருக்கு வந்தாள். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊர். மகனுக்கு ஓசூரில் வேலை. பெண் குழந்தை, நல்ல எடை. ஆனால் இவள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுவரைப் பார்ப்பாள். குழந்தை அழுதால் அடுத்த வீட்டில் அழுகிறது என்பதுபோல் இருப்பாள்.

“நாங்கல்லாம் புள்ள பெத்துட்டு மறுமாசமே கழனிக்குப் போனோம்” என்றாள் என் மனைவி. நான் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

கிராம செவிலியர்தான் அவளை அங்கன்வாடிக்கு அழைத்தார். புதன்கிழமை தடுப்பூசி முடிந்ததும் புதுத் தாய்மார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. அவ்வளவுதான் ஏற்பாடு. இரண்டு புதன் போய் வந்த பிறகு மருமகள் தானாகவே சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் மகிழ்ந்தேன். அதோடு நின்றிருக்கலாம். இவ்வளவு நல்ல காரியம் ஒரு ஒழுங்கில்லாமல் நடக்கிறதே என்று மூன்றாம் புதன் ஒரு நீள நோட்டோடு போய் நின்றேன்.

அன்று செவிலியர் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். நானோ வயதானவன், படித்தவன், ஒருத்திக்கு மாமனார். போ என்று யார் சொல்வது? அங்கே மூன்று வயதுப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. அதில் ஒன்றில், முழங்கால் தாடையை இடிக்க, உட்கார்ந்து தலைமை தாங்கினேன். பெண்களுக்கு எண் கொடுத்தேன். குழந்தைகளைப் பார்வையாளர்கள் என்று பதிவு செய்தேன். யாராவது பால் கொடுக்கத் தொடங்கினால் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அங்கே ஒட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்தபடி, “அடுத்த பொருளுக்குப் போகலாம்” என்பேன்.

நான் வெகுநேரம் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் மருமகளின் குரல் கேட்டது.

“இந்தப் புள்ளயப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. யாரோ குடுத்துட்டுப் போன மாரி கீது.”

“எனக்கும் அப்டித்தான்டி” என்றாள் கரும்பு வெட்டப் போகும் ஒரு பெண். “கெணத்தாண்ட போவவே பயந்துக்கினு இருந்தேன். நீ ஒண்ணும் கெட்டவ இல்ல.”

எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் சொல்லாத வாக்கியம் அது. சுவரைப் பார்த்தபடியே அதையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு மாமியார்களைச் சிறப்பு அழைப்பாளர்களாக வரவழைத்தேன். குடும்பத்தின் ஒத்துழைப்பு வேண்டுமல்லவா? செவிலியர் ஊசிப் பெட்டியைக் கட்டி முடிப்பதற்குள், முறைப்படி, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுந்து நின்று வாசித்தேன்: “உறுப்பினர் எண் நான்கு, தம் குழந்தையைக் காணும்போது எவ்வித உணர்வும் தோன்றவில்லை எனத் தெரிவித்தார். உறுப்பினர் எண் இரண்டு அதை வழிமொழிந்தார்.”

என் மனைவி விரலை நீட்டி, நான் எண் வரிசையில் உட்கார வைத்திருந்தவர்களை எண்ணினாள். நாலாவது ஆளிடம் விரல் நின்றது.

அன்றோடு கூட்டம் கலைந்தது. மனைவி குழந்தையை அவளிடம் தனியாக விட மறுத்தாள். மருமகள் மறுபடியும் சாப்பாட்டை நிறுத்தினாள். என்னிடம் பேச்சையும் நிறுத்தினாள். காதில் விழுந்ததை மறைத்து வைக்க வேண்டிய நான் அதை ஊருக்கே வாசித்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் அவள் எந்தப் பக்கம் எழுந்து போனாலும் கிணற்றை நினைத்து நானும் எழுந்து பின்னால் போனேன்.

பிறகு ஒரு புதன் காலை, எடை பார்க்கச் செவிலியர் கூப்பிட்டார் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். மதியம் திரும்பி வந்து சாப்பிட்டாள். அடுத்த புதனும் அப்படியே. மூன்றாம் முறை பின்பக்கப் படியில் நானும் ஏறிவிட்டேன். முன் இருக்கைகளில் ஐந்து பெண்கள், மடியில் ஐந்து குழந்தைகள்.

“எங்க சார் போவணும்?” என்றார் நடத்துநர்.

“அவங்க போற எடத்துக்கு.”

“அவங்க எங்கியும் போவல சார். லேடீஸுக்கு ப்ரீ இல்ல? வெள்ளிமலைக்கு ஏறுவாங்க, அங்க டீ குடிச்சிட்டு இதே வண்டில திரும்பிடுவாங்க. கேட்டா மீட்டிங்காம்.”

“மீட்டிங்க பஸ்ல ஏன் வைக்கணும்?”

“ஊர்ல ஒரு பெருசு தொல்ல தாங்கலியாம் சார்.”

மலை வளைவில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. துடைக்கத் திரும்பிய கரும்பு வெட்டும் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். “அடியே, தலைவரு ஏறிக்கீறாருடி!”

பேச்சு நின்றது. அடுத்த மூன்று வளைவுக்கு இன்ஜின் சத்தம் மட்டும்தான். மருமகள் திரும்பவில்லை, அவள் கழுத்து விறைத்திருந்தது. நான் எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

“இங்க ஸ்டாப்பிங்கே இல்ல சார். ஊரும் இல்ல.”

“பரவாயில்ல.”

இறங்கினேன். பேருந்து அடுத்த வளைவைத் தாண்டும் முன் ஐந்து பேரும் ஒன்றாகச் சிரிப்பது கேட்டது. சாலையோரக் கட்டைச் சுவரில் குரங்குகளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்த பேருந்துக்குக் கை காட்டினேன். நடத்துநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், வண்டி போய்விட்டது. மரவள்ளி ஏற்றி வந்த லாரியில், கிழங்கின் மேல் உட்கார்ந்து ஊர் வந்தேன்.

மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா மாமா, பஸ்ஸு நிக்கலியா?”

“நிக்கலம்மா.”

“நாந்தான் நிறுத்த வேணாம்னு சொன்னேன்.”

“நான் செஞ்சது தப்பும்மா. நீ சொன்னத நான் படிச்சிருக்கவே கூடாது.”

குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்: “நாளைக்கிக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். மனசுக்குப் பாக்கற டாக்டராண்ட. அவங்க நாலு பேரும் கூட வராங்க.”

“நானும் வரட்டுமா?”

“வேணாம் மாமா. பாப்பா துணி ஊறிக்கினு இருக்கும். அத அலசிப் போடுங்க.”

மறுநாள் ஐவரும் பேருந்து ஏறிய நேரத்தில் நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஹாரன் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.