மூன்றாம் பாடம், குடும்பம்

நான் ஜெர்மன் படிக்கப் போனது தபால்காரருக்குப் பயந்துதான். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குச் சாயங்காலத் தபால் நாலரை மணிக்கு வரும். அந்த நேரம் பார்த்து எல்லா வீட்டு வாசலிலும் பெண்கள் நிற்பார்கள். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள்.

“என்ன பாப்பா, அப்பா லெட்டர் போடலையா?”

அப்பா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு காலையில் துணிப்பையில் இரண்டு வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பியவர் திரும்பவில்லை. பம்பாயில் வேலை கிடைத்துப் போயிருக்கிறார் என்று அம்மா தெருவில் சொன்னாள். அக்காவிடமும் என்னிடமும் அதையேதான் சொன்னாள். நாங்கள் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அம்மா உடைந்துபோவாள் என்று பயம்.

அப்போது நான் திருச்சியில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். பல்கலைக்கழகம் ஜெர்மன் ஆரம்ப வகுப்பு நடத்தப்போகிறது, எங்கள் கல்லூரியிலேயே வாரம் மூன்று நாள், நாலரையிலிருந்து ஆறு மணி வரை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நாலரை என்ற எழுத்தைப் பார்த்ததுமே பெயர் கொடுத்துவிட்டேன். ஜெர்மனி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

முதல் நாளே என் நிம்மதியில் மண் விழுந்தது. எதிர்வீட்டுப் பெண்ணும் அங்கே உட்கார்ந்திருந்தாள். என் வயசு, வேறு வகுப்பு. அவளுடைய சித்தி தொட்டியத்தில் வாழைத் தோப்புக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அந்தச் சித்தியின் மகனுக்குத்தான் எங்கள் அக்காவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கு வந்துவிடுவார் என்று அம்மா அவர்களிடம் சொல்லியிருந்தாள். அக்காவுக்கு வயசு இருபத்தாறு. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் “அப்பா எங்கே?” என்பதோடு நின்றுபோயிருந்தன.

வாத்தியார் கெமிஸ்ட்ரிக்காரர், ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் ஒரு கெட்ட பழக்கம். யாரையும் கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்ல விடமாட்டார். ஒவ்வொருவரையும் எழுப்பிவிட்டு, சொன்ன பதிலிலிருந்தே இன்னும் மூன்று கேள்வி கேட்பார். முதல் பாடம் பெயர். இரண்டாவது ஊர். மூன்றாவது என்னவென்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். குடும்பம்! ‘உன் அப்பா எங்கே இருக்கிறார்?’ என்று முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தான் பாவி. தெருவுக்குப் பயந்து ஜெர்மன் வரைக்கும் ஓடினேன், அங்கேயும் அதே கேள்வி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை பாடம் நடந்தது. வெள்ளிக்கிழமை எல்லாரும் எழுந்து பேச வேண்டும். நடுவில் ஒரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அப்பா பம்பாயில் வேலை பார்க்கிறார் என்பதை ஜெர்மனில் எழுதி, குளிக்கும்போதும் தலை வாரும்போதும் முணுமுணுத்தேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று எதிர்வீட்டுக்காரி வீட்டுக்கே வந்து விசாரிப்பாள். அவள் அம்மாவுக்குத் தெரியாத சங்கதி தெருவில் கிடையாது.

வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் அவள்தான் பேசினாள். தன் மாமா பம்பாயில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பம்பாய்க்காரரே ஒருவர் அவர்கள் வீட்டில் இருக்கிறாரா! அந்த நேரம் பார்த்து வாத்தியார் என்னைக் கை காட்டினார்.

எழுந்தேன். உருப்போட்டதை ஒப்பித்தேன். பம்பாயில் எங்கே என்று கேட்டார். எனக்குப் பம்பாயில் ஒரு தெருப் பெயர்கூடத் தெரியாது. “இஷ் வைஸ் நிஷ்ட்” என்றேன். தெரியாது என்று அர்த்தம். என்ன வேலை? இஷ் வைஸ் நிஷ்ட். எப்போது வருவார்? இஷ் வைஸ் நிஷ்ட். எனக்குப் பாடம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் பொறுமையாக, மெதுவாக, முதல் கேள்விக்கே திரும்பி வந்தார். அப்பா எங்கே?

தமிழாக இருந்தால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அந்தப் பாஷையில் என்னிடம் இருந்ததே நாற்பது வார்த்தை, அதை வைத்து எவ்வளவு நேரம்தான் பொய் சொல்வது? “வோ இஸ்ட் மைன் ஃபாட்டர்? இஷ் வைஸ் நிஷ்ட்” என்று சொல்லிவிட்டேன். என் அப்பா எங்கே இருக்கிறார்? எனக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அது என் வாயிலிருந்து வந்தது.

“ஸேர் கூட்!” என்றார் வாத்தியார். ரொம்ப நன்று என்று அர்த்தம். தப்பில்லாமல் சொன்னதற்குப் பாராட்டிவிட்டு அடுத்தவனை எழுப்பினார்.

மெயின்கார்டு கேட்டில் பஸ் ஏறியபோது எதிர்வீட்டுப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அக்கா கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“வீட்ல சொல்லிடாதே, உன்னைக் கும்பிட்டுக்கறேன்” என்றேன்.

“என்னத்தைச் சொல்றது? உங்க அப்பா சங்கதி தெரு முழுக்கத் தெரியுமே” என்றாள் அவள். “லெட்டர் லெட்டர்னு கேக்கறாங்களே, ஏதாவது தகவல் வந்திருக்காதான்னுதான். எங்க சித்தி வீட்லயும் தெரியும்.”

“தெரிஞ்சுமா பொண்ணு கேக்கறாங்க?”

“அக்காவைப் பிடிச்சிருக்கு, கேக்கறாங்க. ஆனா நம்மகிட்டயே மறைக்கறாங்களேன்னு சித்தப்பாவுக்கு மனசு ஆறலை. உங்க அம்மா வாயால ஒரு வார்த்தை வந்தாப் போதும், பூ வெச்சிடுவாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாத்துட்டு வேற இடம் பாக்கறதா இருக்காங்க.”

இன்னும் ஒரே நாள்தான் நடுவில் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரைக்கும் நடந்தது எனக்கு நினைவில்லை. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டுமே என்ற பயத்துக்கு முன்னால், வாத்தியார் எதிரில் நின்றபோது இருந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை.

அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள்.

“என்னடி முகமெல்லாம் வேர்த்திருக்கு? இன்னைக்கு என்ன பாடம்?”

சொன்னேன். ஜெர்மனில்தான் சொன்னேன்.

“கேக்க நல்லாத்தான் இருக்கு. என்ன அர்த்தம்?”

பம்பாய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். “அப்பா எங்கே இருக்காருன்னு எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம்மா” என்றேன். பஸ்ஸில் கேட்டதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

மெஷின் நின்றது. அம்மா ஊசிக்கு அடியில் இருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தாலும் பரவாயில்லை, ஏதாவது பேசினால் போதும் என்றிருந்தது.

“எனக்கும் தெரியாதுடி” என்றாள்.

பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள். புடவையை மாற்றிக்கொண்டு, நெற்றியில் பொட்டைச் சரிசெய்துகொண்டு வாசல்படி வரைக்கும் வந்து நின்றாள். எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயும் கூட வாடி. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு.”