ஐயா மிதந்த தொட்டி

மண்கும்பானில் பிறந்து, தெற்கே கடை வைத்து, அந்தக் கடை எரிந்தபின் வெறுங்கையோடு ஊர் திரும்பி, புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்து எங்கள் மூவரையும் ஆளாக்கியவர் எங்கள் ஐயா. அண்ணை கனடாவுக்குப் போனார், தம்பி ஜேர்மனிக்குப் போனான். நடுவில் பிறந்த நான் ஐயாவோடு நின்றேன். ஒருவரையும் கடிந்து பேசாதவர் என்று, இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுகளில் எழுதுவது வழக்கம். எங்கள் ஐயா நன்றாகவே கடிந்து பேசுவார். ஆனால் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

“ஐயாவின்ரை கல்வெட்டுக்கு நல்லதாய் ஒரு பக்கம் எழுது” என்று அண்ணை சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

அம்மா போன மறுவருடம் ஐயாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். முதலில் வலது கை நடுங்கியது. பிறகு உடம்பு முழுவதும் இறுகியது. கதிரையால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். தேத்தண்ணியில் அரைவாசி நெஞ்சில் ஊற்றும். நான் பருக்கப் போனால் முகத்தைத் திருப்பிவிடுவார். தன் கையால் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். வெளிநாட்டில் இந்த நோயாளிகளை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில், நனையாதபடி தண்ணீர் புகாத பெரிய விரிப்பின்மேல் கிடத்துகிறார்கள். விண்வெளியில் மிதப்பவர்களைப் போல உடம்பு பாரம் இழந்து, இறுக்கம் இளகுகிறதாம். கிளினிக் டொக்டரிடம் காட்டினேன்.

“வருத்தம் மாறாது அம்மா. சுகம் தெரிஞ்சாலும் கொஞ்ச நேரந்தான். நான் செய்யச் சொல்லமாட்டன். செய்யிறதெண்டால் பிறசரைப் பாருங்கோ, தனிய விடாதேங்கோ, மெதுவாய் எழுப்புங்கோ” என்றார்.

எங்கள் கிணற்றடியில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து விடுகிற சீமெந்துத் தொட்டி இருக்கிறது. ஐயா தன் கையால் கட்டியது. என் கணவர் அதைத் தேய்த்துக் கழுவி நிரப்பினார். மத்தியான வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகியது. தண்ணீர் புகாத புதுத் தறப்பாளை அதன்மேல் தளர விரித்து, வெள்ளை வேட்டி சுற்றி ஐயாவைக் கிடத்தினோம். கழுத்துவரை தாழ்ந்தார். ஒரு சொட்டு நனையவில்லை.

“சந்திரனுக்குப் போறதுக்கு வீசா வேண்டாமோ பிள்ளை?” என்று கேட்டார். ஐயா பகிடி விட்டு எத்தனை காலம்!

எழுப்பிக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைத் தானே பிடித்தார். கை நடுங்கவில்லை. கடைசி மிடறுவரை குடித்துவிட்டு, “சீனி காணாது” என்றார். நான் அழுதேன். பொழுதுபடக் கை மறுபடி நடுங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அவர் நாளைக்காகக் காத்திருந்தார்.

நான்காம் நாள் ஒரு பிழை செய்தேன். ஐயா மிதக்கும் படத்தையும் கோப்பை பிடித்த படத்தையும் குடும்பத்து வட்சப் குழுவில் போட்டேன். கையைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள்.

“உயிரோடை இருக்கிற மனிசனை வெள்ளையாலை சுத்தித் தண்ணியிலை கிடத்துறதோ? சீ!” என்றார் மாமி, ஐயாவின் தங்கை. அண்ணை உடனே தொலைபேசி எடுத்தார். “மாடு தண்ணி குடிக்கிற தொட்டியிலை ஐயாவைப் போட்டிருக்கிறாய். இஞ்சை சனம் என்னைக் கேக்குது. நிப்பாட்டு. நான் நல்ல கட்டில் அனுப்புறன்.”

“கையைப் பாருங்கோ அண்ணை” என்றேன்.

“நிப்பாட்டெண்டால் நிப்பாட்டு.”

தம்பி குழுவில் வாயே திறக்கவில்லை. நானும் நிறுத்தினேன். ஐயாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பங்களில் வெளிநாட்டில் முடிவெடுப்பார்கள், ஊரில் நாங்கள் தலையாட்டுவோம்.

மத்தியானமானால் ஐயா கேட்பார்: “பிள்ளை, இண்டைக்குத் தொட்டி இல்லையோ?” அண்ணை மறித்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “தொட்டி வெடிச்சு ஒழுகுது ஐயா” என்றேன்.

“கொஞ்சம் சீமெந்து பூசினால் சரிதானே” என்றார். பல நாள் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பருக்கினால் முகத்தைத் திருப்புவதையும் விட்டுவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து ஐயா போனார். அண்ணை பறந்து வந்தார். வெள்ளை வேட்டியில் கிடத்தி, அந்தத் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக வார்த்து ஐயாவைக் குளிப்பாட்டினார். அன்றைக்குச் சனம் ஒன்றும் கேட்கவில்லை.

செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், எட்டாம் நாள் சடங்கு வரை எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கட்டில் அனுப்பிய அண்ணைக்கும் நன்றி. ஐயா கடைசிவரை அதிலேதான் இறுகிக் கிடந்தார்.

ஐயா, நான் உங்களிடம் சொன்ன ஒரே பொய்யை இங்கே எல்லோர் முன்னும் எழுதிவைக்கிறேன். நீங்கள் கட்டிய தொட்டியில் ஒரு வெடிப்பும் இருக்கவில்லை.

மகள்